மருந்தில் விழுந்த குங்குமம்

…குங்குமம்தான், வேறென்ன, கரிய மணலுக்குள் யாரோ ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்ட மாதிரி நிரப்பும் இயந்திரத்தின் வெடிமருந்துக் குப்பிக்குள் சிவப்பாகப் புள்ளி புள்ளியாய், யாரோ என்ன யாரோ, புதன்கிழமை சரஸ்வதி பூசைக்கு அம்மா போத்தல் மூடியின் விளிம்பில் அப்பி வைத்த பொட்டு, இன்று மத்தியானம் நான் மூடியைத் திருகியபோது உதிர்ந்து உள்ளே விழுந்திருக்கிறது, இந்த வீட்டில் அம்மாவின் கை படாத இடம் என்று ஒன்று இருந்தது, இந்தக் கராஜ், அதுவும் போச்சு… இருபத்தொன்பது. கைப்பிடியை இழு, மருந்து விழும், விடு, வெற்றுத் தோட்டாக் கோதை அடுத்த துளைக்கு மாற்று, அடைப்பை வை, இழு, ஈயச் சன்னம் சரசரவென்று இறங்கும், விடு, வாயை மடி, இழு, ஒரு தோட்டா, சுண்டுவிரல் பருமன், சிவப்புக் கோது, அடியில் பித்தளைத் தொப்பி, சுட்டுச் சுட்டு விளிம்பு பிய்ந்த பழைய கோதுதான், இன்னும் இரண்டு தரம் தாங்கும், முப்பது. நூறு வேண்டும் நாளைக்கு. கொட்டிவிட்டுப் புது மருந்து போடலாம், போடத்தான் வேண்டும், நான் சுடப் போகிற கிளப்பில் யாரைக் கேட்டாலும் மருந்துக்குள் ஒரு தூசி கண்டாலும் கொட்டு என்பார்கள், அவர்கள் சொல்வார்கள், அவர்களுக்குப் பண்ணை இருக்கிறது, அப்பன் விட்டுப்போன துவக்கு நாலு இருக்கிறது, எனக்கு ஒரு போத்தல் மருந்து என்பது ஒரு நாள் சம்பளத்தில் பாதி, குங்குமம் என்றால் என்ன, மஞ்சளும் சுண்ணாம்பும், ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு, அது என்ன செய்துவிடும், இரசாயனம் படித்தவள் நான்தானே இந்த வீட்டில், முப்பத்தொன்று.

இந்தத் துவக்கைக் கிளப்பில் ஃபோர்-டென் என்பார்கள், இருக்கிற குழல்களிலேயே சின்னது, சின்னது என்றால் மலிவு என்று நினைத்துத்தான் நானும் வாங்கினேன், பிறகுதான் தெரிந்தது கடையில் இதன் தோட்டா பெரிய துவக்கின் தோட்டாவைவிட இரண்டு மடங்கு விலை, வாங்குகிறவர்கள் குறைவு என்பதால் விலை கூட, இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் அதே கணக்குத்தான், நீ சின்னவள், உன்னைப்போல ஆட்கள் குறைவு, ஆகவே நீ கூடக் கொடு. ஆனால் என்னிடம் இருக்கிற மற்றத் துவக்கை, பெரியதை, வைத்துச் சுட்டால் தோள் இரண்டு நாளைக்குக் கன்றிப்போகிறது, சின்னதில் சன்னம் குறைவு, பறக்கிற களிமண் தட்டைச் சரியாகப் பிடித்தாலொழிய உடையாது, தற்செயலாக உடையவே உடையாது, அதுதான் எனக்குப் பிடித்தது, தப்பு என்றால் அது என் தப்பு, சரி என்றால் அது என் சரி, இடையில் யாரும் இல்லை… ஆகவே வீட்டிலேயே நிரப்புகிறேன். சுட்ட கோதுகளைப் பொறுக்குகிறேன், மற்றவர்கள் எறிந்ததையும் பொறுக்குகிறேன், ரொன் என்கிற கிழவர் ஒருநாள் 'உன்னைப் பார்த்தால் என் கோழிகள் ஞாபகம் வருகிறது' என்று சிரித்தார், 'கோழி முட்டையாவது இடும், நீ என்ன செய்கிறாய்' என்று கேட்டேன், அதற்குப் பிறகு அவரே தன் கோதுகளைப் பையில் கட்டிக் கொண்டுவந்து தருகிறார். இரண்டு துவக்குக்கும் இரண்டு நிரப்பும் இயந்திரம், இரண்டும் பழையது, ஆனால் மருந்து விழுகிற குப்பி ஒன்றுதான், இதிலிருந்து கழற்றி அதில் பூட்டுவேன், இன்னொன்று வாங்க நாற்பது டொலர், எதற்கு, ஒவ்வொரு தரமும் மிச்ச மருந்தை அதன் போத்தலில் கொட்டிவிட்டு மாற்றினால் சரி, அதற்கென்ன ஒரு நிமிடம். முப்பத்திரண்டு. நாளைக்குக் காலை பத்து மணிக்கு, நூறு தட்டு, எண்பத்தைந்து உடைத்தால் கிளப் அணியில் இடம், போன தடவை எண்பத்துமூன்று.

அம்மாவும் வருகிறேன் என்கிறார். அதுதான் எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை, இரண்டு வருடமாக இந்தக் கதவடிக்குக் கூட வராதவர், நான் லைசென்ஸ் எடுக்கப் போகிறேன் என்ற அன்று சாப்பிடாமல் கிடந்தவர், 'நாங்கள் துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள், நீ காசு குடுத்து வாங்கிறாய்' என்று கோயிலில், கடையில், போனில், கிரான்பர்னில் உள்ள அத்தனை பேரிடமும் சொல்லி முடித்தவர், என்றாலும் லைசென்ஸுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டபோது ஒன்றும் பேசாமல் அலுமாரிக்கு மேலிருந்து அந்த மண்ணிறப் பையை இறக்கி, ஜிப் பழுதாகி ஊசி குத்தி வைத்திருக்கும் அந்தப் பையை, அதற்குள்ளிருந்து எடுத்துத் தந்தார், யூனிவேர்சிட்டிக்கும் அதே பைதான், சிட்டிசன்ஷிப்புக்கும் அதே பைதான், எங்கள் குடும்பம் இருந்தது என்பதற்கு அத்தாட்சி எல்லாம் அதற்குள்தான், இன்னமும் பதுங்குகுழியின் ஈர மணம் அடிக்கும், அல்லது எனக்கு அப்படி ஒரு எண்ணம். அப்படிப்பட்ட அம்மா புதன்கிழமை சொன்னார், 'அப்பாவின்ர ஃபோர்க்லிப்ட் லைசென்ஸ், என்ர கத்திரிக்கோல், உன்ர டிகிரி எல்லாம் சாமிக்கு முன்னாலை வைச்சாச்சு, உன்ர சாமானை மட்டும் ஏன் விடுவான், அதுகும் ஆயுதம்தானே.' நான், 'சாமியறைக்குள்ள விளக்கு எரியுது, மருந்து கொண்டுவர ஏலாது' என்றேன். 'அப்ப நான் வாறன் அங்கை,' என்றார். 'சரஸ்வதி பாத்திட்டு ஓடப்போறா' என்றேன். 'ஓடமாட்டா, உன்னையே நாலு வருசம் யூனியிலை பாத்தவ' என்றார். வந்தார். நிலத்தைக் கூட்டினார் முதலில். பூட்டிய அலுமாரியைத் திறந்து எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்தேன், இயந்திரம், தராசு, குப்பி, சின்னத் துவக்கின் மருந்து இருக்கிற பெரிய போத்தல், பெரிய துவக்கின் மருந்து இருக்கிற சின்னப் போத்தல், நான் குளித்துவிட்டு வர இருபது நிமிடம், வந்து பார்த்தால் எல்லாவற்றிலும் சந்தனம், நடுவில் குங்குமம், போத்தல்களில் மூடியும் கழுத்தும் சேருகிற இடத்தில் பெரிதாக ஒன்று, மேலே வைத்தால் தெரியாதாம், முகத்தில் வைக்க வேண்டுமாம், போத்தலுக்கு முகம். ஒன்றையும் நான் துடைக்கவில்லை. முப்பத்துமூன்று.

பிறகு சண்டை. நல்லதாக ஒன்று நடந்தால் அன்றைக்கே அதை உடைக்காமல் எங்களால் இருக்க முடியாது. பூசைக்கு வைத்ததை அடுத்தநாள் காலைதான் எடுக்க வேண்டும், அது வழக்கம், அதுவரை ஒன்றையும் தொடக் கூடாது, படிக்கக் கூடாது, தைக்கக் கூடாது. நான் சொன்னேன், 'மருந்தை வெளியில விட்டிட்டுப் படுக்க ஏலாது, சட்டம், பூட்டி வைக்கோணும்.' அம்மா சொன்னார், 'ஒரு இரவுதானே பிள்ளை, ஆர் வரப்போறான்.' 'பொலிஸ் வரும்.' 'சாமிக்கு வைச்சதெண்டு சொல்லு.' சிரித்திருக்க வேண்டும், அந்த இடத்தில் நான் சிரித்திருக்க வேண்டும், அம்மா சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பின்னால் மெல்ல, 'சுகிர்தன் இருந்தா அவன்ர சாமானும் வைச்சிருப்பம், இருபத்தெட்டு வயசு' என்றார். அது போதும் எனக்கு. அண்ணாவின் பெயரை அம்மா எடுத்தால் எனக்குள் ஒரு கதவு அடிபடும். 'அனுப்பினது நீங்கள்தானே' என்றேன். பதினைந்து வயதிலிருந்து இதே வசனத்தைச் சொல்கிறேன். அம்மா சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் எல்லாவற்றையும் அள்ளி, கொட்டி, மூடி, பூட்டினேன். முப்பத்துநாலு.

முப்பத்தைந்து… அம்மா அனுப்பினார் என்பது நான் கட்டிய கதை இல்லை. யுத்தத்தின் கடைசி மாதம், நாங்கள் தறப்பாள் கூடாரத்தை விட்டு அடுத்த இடத்துக்கு ஓடுகிறபோது, அண்ணாவைத் திரும்பி அனுப்பினார், பையை எடுத்து வரச் சொல்லி, அண்ணாவுக்குப் பன்னிரண்டு வயது, வேகமாக ஓடுவான், போனான், அவ்வளவுதான். எனக்கு எட்டு. எனக்கு ஞாபகம் இருப்பது அவனுடைய முதுகு, நீலச் சேர்ட், வேறு ஒன்றும் இல்லை, சத்தம்கூட இல்லை. அப்பா அப்போது இங்கே, மெல்பேர்னில், எங்களைக் கூப்பிட வழி பார்த்துக்கொண்டு, போனில் கத்தினாராம், 'நீயோ அனுப்பினனி?' என்று, அம்மா 'ஓம், நான்தான்' என்றாராம். அப்பா அதற்குப் பிறகு அம்மாவோடு முழு வசனமாகப் பேசி நான் கேட்டதில்லை, சோறு, சாவி, ரெண்டு மணி ஷிப்ட், இப்படித்தான். பதினைந்து வயதில் நானும் கேட்டேன், அதே கேள்வி, அதே பதில், 'ஓம், நான்தான்', கண் கூடக் கலங்கவில்லை, வெங்காய விலை கேட்டவளுக்குச் சொல்வதுபோலச் சொன்னார், அந்த முகத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை… முப்பத்தாறு. தோள் நோகிறது. தொழிற்சாலையில் நான் செய்வதும் இதுதான், தயிர் கெட்டுப்போனால் ஏன் கெட்டது என்று படிவம் நிரப்புவது, எப்போது, எந்த வால்வு, கடைசியாகத் தொட்டது யார், 'மனிதத் தவறு' என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் ஒரு சரி போட்டால் மற்றப் பெட்டிகளை நிரப்பத் தேவையில்லை, எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள், நான் போடுவதில்லை, அதனால் என்னை ஒருவருக்கும் பிடிக்காது. அம்மா வேலை செய்கிற மரக்கறிக் கொட்டகையிலும் போன வருடம் இப்படி ஒன்று, குளிர் அறையின் கதவை யாரோ திறந்து விட்டு ஒரு பாரம் கீரை வாடிப்போனது, மேற்பார்வையாளன் வந்து கத்தியிருக்கிறான், 'யார், நீயா?' என்று, அம்மா 'யெஸ்' என்றிருக்கிறார். அன்றைக்கு அம்மாவுக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை! எனக்கு வந்த கோபம். 'ஏன் யெஸ் எண்டனீங்கள்?' 'அவன் கத்தினவன்.' 'கத்தினா?' 'ஓம் எண்டா நிப்பாட்டிப் போடுவான் பிள்ளை. இல்லை எண்டா திருப்பித் திருப்பிக் கேப்பான்.' பெரிய அனுபவசாலி சொல்வது மாதிரிச் சொன்னார், யுத்தம் முடிந்து எங்களை அடைத்து வைத்த முகாமில், விசாரணையில் அப்படித்தான் பழகியது போலிருக்கிறது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் என்ன கேட்டானோ, எத்தனை தரம் கேட்டானோ. ஒரு மாதத்துக்கு ஓவர்டைம் இல்லாமல் செய்தார்கள். முப்பத்தேழு.

முப்பத்தெட்டாவதில் கை வழுக்கியது, கோது சரிந்து மருந்து மேசையில் கொட்டியது, மேசையில் நான் விரித்திருந்தது பழைய படிவங்களின் பின்பக்கம், வெள்ளை. வெள்ளையில் பார்த்தேன். குங்குமம் இப்படி இருக்காது. குங்குமம் தூள், இது தகடு. சின்னச் சின்ன வட்டத் தகடுகள், விளிம்பு கூராக, அச்சால் வெட்டி எடுத்த மாதிரி, விரலில் எச்சில் தொட்டு ஒன்றை ஒற்றி எடுத்தேன், தேய்த்தேன், சிவப்பு ஓடவில்லை, விரலில் சாயம் ஒட்டவில்லை. அதன் பக்கத்தில் கறுப்பிலும் தகடுகள், மணி மணியான என் மருந்துக்கு நடுவே தட்டையாக, பளபளவென்று, எத்தனை, ஐந்தில் ஒன்றா, நாலில் ஒன்றா… பெரிய துவக்கின் மருந்து. வேகமாக எரிகிற மருந்து, அடையாளத்துக்குச் சிவப்புத் தகடு கலந்து விற்பார்கள், சின்னப் போத்தலில் இருப்பது. அது இதற்குள் கலந்திருக்கிறது. நான் பத்து நிமிடம் முன்பு அதைப் பார்த்துக் குங்குமம் என்று சொல்லிவிட்டு நிரப்பிக்கொண்டிருந்தேன். இந்தக் குழல் சின்னது, இதற்கு ஆறுதலாக, மெல்ல எரிகிற மருந்து வேண்டும், மற்றதைப் போட்டால்… ஒருவர் கிளப்பில் இடது கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார் எனக்கு, மூன்று விரல். முப்பத்தேழு தோட்டாக்கள் தட்டில் வரிசையாக நிற்கின்றன, ஒன்றுபோல, அழகாக, எதில் எவ்வளவு என்று எந்தத் தராசும் சொல்லாது. நாளைக்குக் காலை பத்து மணி, கன்னத்தைத் துவக்கின் கட்டையில் வைத்து, இடது கை குழலுக்குக் கீழே, அம்மா பின்னால் கதிரையில்… எனக்கு முதலில் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது, எனக்கு எப்போதும் அதுதான் முதலில் வரும். இருபது நிமிடம். நான் குளித்துக்கொண்டிருந்த இருபது நிமிடம். அம்மாவுக்கு அரைப் போத்தல் இரண்டு கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது, மல்லித்தூளில் மல்லித்தூள், ஷாம்பூவில் ஷாம்பூ, போன மாதம் பாத்திரம் கழுவுகிற திரவத்தில் எதையோ ஊற்றி இரண்டு நாள் வீடெல்லாம் நுரை, எல்லாவற்றையும் ஒன்றாக்கி இடம் பிடிக்க வேண்டும், பூசைக்கு மேசை வடிவாக இருக்க வேண்டும்.

குசினியில் வெங்காயமும் பொரிகிற எண்ணெயும் மணத்தது, கட்லட், நாளைக்குக் கிளப்புக்குக் கொண்டுபோக, வெள்ளைக்காரருக்கு உறைப்புக் குறைத்து ஒரு பங்கு, போன் ஸ்பீக்கரில் கிடந்தது, யோகா அன்ரியின் குரல், 'அப்ப நாளைக்கு நீரும் சுடப்போறீரோ?' அம்மா சிரித்துக்கொண்டே, 'ஓம், முதல்ல உம்மட மனுசனைத்தான்' என்கிறார், அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம்.

'அம்மா, போனை வையுங்கோ.'

'நில்லும் யோகா, பிள்ளை என்னவோ…'

'வையுங்கோ எண்டெல்லோ சொல்லுறன்!'

வைத்தார். அடுப்பையும் நிற்பாட்டினார். நான் பெரிய போத்தலை மேசையில் குத்தி வைத்தேன். 'புதன்கிழமை நான் குளிக்கேக்கை இதைத் திறந்தனீங்களோ? சின்னப் போத்தல்ல இருந்ததை இதுக்குள்ள ஊத்தினீங்கள், என்ன?'

அம்மா போத்தலைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். 'என்ன பிள்ளை நடந்தது?'

'நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ. நீங்கள்தானே? வேற ஆர் போனது அங்கை? நீங்கள்தானே?'

'ஓம்' என்றார் அம்மா.

'ஓமோ?'

'ஓம், நான்தான்.'

'ஏன்?'

கொஞ்ச நேரம் யோசித்தார், படித்துவிட்டு வராத பிள்ளை ஆசிரியருக்கு முன்னால் யோசிக்கிற மாதிரி. 'ரெண்டும் அரைவாசியாக் கிடந்தது… ஒண்டா ஊத்தினா நல்லம் எண்டு…'

'நாளைக்கு இதைச் சுட்டிருந்தா துவக்கு வெடிச்சிருக்கும். கை போயிருக்கும். கண் போயிருக்கும். விளங்குதோ உங்களுக்கு? ஒரு பிள்ளையை அனுப்பினது காணாதோ?'

சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகும் அது குசினியில் நின்றது. அம்மா சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தார், கிட்ட வந்தார், என் இடது கையைப் பிடித்தார், விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தார், வெங்காயம் மணக்கிற கையால், பிறகு வலது கையை. 'இப்ப ஒண்டும் படேல்லைத்தானே?' என்றார். நான் கையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

…முதல் தோட்டாவின் மடிந்த வாயைக் கத்தி முனையால் விரித்தேன், சன்னத்தை ஒரு கிண்ணத்தில், அடைப்பை இன்னொன்றில், மருந்தைத் தண்ணீர் வாளிக்குள், ஈயமாவது மிஞ்சும், ஒன்று. இரண்டு. நாளைக்குப் போவதில்லை. போகலாம், கடையில் நாலு பெட்டி வாங்கிக்கொண்டு போகலாம், நூறு டொலருக்கு மேலே, போவதில்லை. மூன்று. சின்னப் போத்தலில் இனி ஒன்றும் இராது, பெரிய துவக்குக்கும் புதிதாக வாங்க வேண்டும், எல்லாம் சேர்த்து… அலுமாரியைத் திறந்து சின்னப் போத்தலை எடுத்தேன். கனம். ஆட்டினேன். சரசரத்தது, முன்பு இருந்த அளவுக்கே, அரைவாசிக்கு மேலே. அதை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தேன். அம்மா வைத்த பொட்டு மூடியிலும் கழுத்திலுமாக ஒட்டி, காய்ந்து, நடுவில் குங்குமம் வட்டம் குலையாமல், ஒரு வெடிப்புக்கூட இல்லாமல் இருந்தது. யாரும் திறக்கவில்லை. பொட்டு வைத்த பிறகு இதை யாரும் திறக்கவில்லை. வைப்பதற்கு முதலோ? முதல் அரைவாசிக்கு மேலே, இப்போதும் அரைவாசிக்கு மேலே. இதிலிருந்து எதுவும் போகவில்லை. பெரிய போத்தலைத் திருப்பினேன். அதன் பொட்டு மூடி திரும்பிய பக்கமாக நீளமாக இழுபட்டிருந்தது, வால்போல. காய்ந்த சந்தனம் இழுபடாது, பொருக்காக உடையும், ஈரம் என்றால்தான் இழுபடும். ஆக இன்று மத்தியானம் இல்லை. புதன்கிழமை மாலை, சந்தனம் ஈரமாக இருந்தபோது யாரோ இதைத் திருகியிருக்கிறார்கள், அம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போன பிறகு… அல்லது முதல்… இல்லை, பொட்டு வைத்தவர் தானே அதைக் கலைப்பாரா. கடைசியாகத் தொட்டது யார். குப்பி. ஐயோ, குப்பி. செவ்வாய்க்கிழமை பெரிய துவக்குக்கு நிரப்பினேன். குப்பியில் மிச்சம் இருந்தது. பூசைக்குக் குப்பியை அப்படியே, மருந்தோடு வைத்தேன். சண்டைக்குப் பிறகு அள்ளி, கொட்டி, மூடி, பூட்டினேன். கொட்டி. எதற்குள் கொட்டினேன்? அந்த நிமிடத்தில் நான் போத்தலைப் பார்க்கவில்லை, 'அனுப்பினது நீங்கள்தானே' என்று சொன்ன வாய் இன்னும் மூடவில்லை, கை தன்பாட்டில் வேலை செய்தது, கைக்குக் கிட்ட இருந்தது பெரியது.

நாலாவது தோட்டா கையில் இருந்தது, விரிக்கவில்லை. நாற்பது டொலர் குப்பி. மனிதத் தவறு. சரி, சரி, அது நான், நான்தான், போய்ச் சொல்லலாம், சொல்வதில் என்ன, 'அம்மா அது நான்', மூன்று சொல். ஆனால் அம்மா ஏன் ஓம் என்றார்? ஏன் என்று கேட்டபோது காரணமும் சொன்னாரே, இரண்டும் அரைவாசியாகக் கிடந்தது, ஒன்றாக ஊற்றினால் நல்லது… நடக்காத ஒன்றுக்கு, நான் கொடுத்த கேள்வியிலிருந்தே எடுத்து, எனக்கு வேண்டிய அளவில் வெட்டி… எவ்வளவு பழகியிருக்க வேண்டும். நான் கத்தினேன். ஓம் என்றால் நிறுத்திவிடுவேன். குளிர் அறைக்காரனுக்குச் சொன்னது, முகாமில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவனுக்குச் சொன்னது, அவர்களுடைய வரிசையில்தான் நான் குசினிக்குள் போய் நின்றிருக்கிறேன், மருந்துப் போத்தலைக் குத்தி வைத்துக்கொண்டு. அப்பா போனில் கத்தினார், ஓம் நான்தான். பதினைந்து வயதில் நான் கத்தினேன், ஓம் நான்தான். அதே குரல், வெங்காய விலை சொல்கிற குரல், இப்போது கேட்டேனே, பத்து நிமிடம் இல்லை.

அண்ணா பையை எடுக்கப் போனான். பையை எடுக்கப் போனவன் வரவில்லை. அந்தப் பை… அந்தப் பை அலுமாரிக்கு மேலே இருக்கிறது. ஊசி குத்திய ஜிப்போடு. லைசென்ஸுக்கு அதிலிருந்துதான், யூனிவேர்சிட்டிக்கு அதிலிருந்துதான், எத்தனை தரம் என் கையாலேயே இறக்கியிருக்கிறேன், எத்தனை தரம் மணந்து பார்த்திருக்கிறேன், டிகிரி எடுத்தவள், தயிருக்குக் காரணம் கண்டுபிடிக்கிறவள், ஒரு தரமாவது… பை எங்களோடு வந்திருக்கிறது. அப்படியென்றால் அது அப்போதும் எங்களோடுதான் இருந்திருக்க வேண்டும், அம்மாவின் தோளில். அப்படியென்றால் அவன் எதை எடுக்கப் போனான்? யார் கேட்டது? நீலச் சேர்ட், முதுகு, நான் அவனைப் பின்னாலிருந்து பார்க்கிறேன், என் முகம் ஈரமாக இருக்கிறது, ஏன் ஈரம், அவன் போவதற்கு முதலே ஏன் நான் அழுதுகொண்டு நிற்கிறேன், எட்டு வயதில், அந்த இடத்தில், என்னிடம் என்ன இருந்தது விட்டுவிட்டு வர…

'மிருணா, தேத்தண்ணி ஊத்தினனான்,' என்று அம்மா குசினியிலிருந்து கூப்பிடுகிறார், ஒன்றும் நடக்காத குரலில், 'வா, ஆறப்போகுது.' போய்க் கேட்கலாம். அண்ணாவை அனுப்பினது நானோ என்று கேட்கலாம், கத்தாமல், பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு கேட்கலாம். என்ன மாதிரிக் கேட்டாலும் அம்மா 'நான்தான்' என்றுதான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். நான் நாலாவது தோட்டாவைத் தட்டில் திரும்ப வைத்தேன். சின்னப் போத்தலின் பொட்டுக் கலையாமல் இரண்டு கையாலும் எடுத்து, அலுமாரிக்குள் வைத்து, பூட்டினேன். 'வாறன்' என்றேன்.